பெரியப்பா மகனை அண்ணன் என்று எழுதலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கனடாவுக்குப் படிக்கப் போய் நான்கு மாதமாகிறது என்றும், டொராண்டோவில் குடியுரிமை பெற்று வாழும் உங்கள் பெரியப்பா மகனை நிரந்தரவாச விண்ணப்பத்தில் அண்ணன் என்று குறிப்பிடலாமா என்றும், அந்நாட்டில் ‘ஃபேமிலி’ என்றால் யார் யாரெல்லாம் அதில் சேர்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

அண்ணன் என்று எழுதாதீர்கள். நிரந்தரவாசத்துக்குப் புள்ளிக் கணக்கில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் உடன்பிறந்தவர் கனடாவில் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் 15 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் தாயோ தந்தையோ, ஒருவராவது இருவருக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும். பெரியப்பா மகன் அவர்கள் கணக்கில் ‘கசின்’. அவருக்குப் புள்ளி இல்லை. பொய்த் தகவல் தந்ததாக முடிவு செய்யப்பட்டால் 5 ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தடை வரும். ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதை நான் அறிவேன். பெரியப்பா மகனை அண்ணன் என்பதைத் தவிர வேறு எப்படியும் நாம் அழைத்ததே இல்லையே.

இந்தப் பதிலை, கனடாவிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் நான், காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் அமர்ந்து எழுதுகிறேன். மாரியம்மன் நோம்பிக்கு வரி வாங்க இன்று காலையில் வந்தவர்கள், அப்பா பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, பதினாறு ஆண்டுகளாக ஊரில் இல்லாத என் பெயரில் ஒன்று என்று நோட்டில் மூன்று குடும்பமாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே அடுப்பு. ஆகவே குடும்ப அட்டையில் அவர்கள் ஒரே குடும்பம். மாலையில் வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் “குடும்பம் வர்லீங்களா?” என்று கேட்டார், என் மனைவியும் குழந்தைகளும் வரவில்லையா என்பது அதன் பொருள். ஒரே நாளில் ஒரே சொல்லுக்கு மூன்று அளவு. எந்த இடத்தில் எந்த அளவு என்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்திருப்பதால், அதை யாரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

கனடாவில் எழுதிவைத்திருக்கிறார்கள், அதுவும் ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறாக. குடிவரவுத் துறைக்குப் பெரும்பாலும் வாழ்க்கைத்துணையும் 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும்தான் உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கக்கூடிய குடும்பம். பெற்றோருக்குத் தனி வழி. குழந்தைகள் உதவித்தொகைக்குக் ‘குடும்ப வருமானம்’ என்று கேட்டால் உங்களுடையதும் துணையுடையதும் மட்டுமே. உடன் தங்கியிருக்கும் தம்பியின் சம்பளம் அதில் வராது.

எனக்கு இது உறைத்தது தாய்மாமன் இறந்தபோதுதான். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். என் அக்கா திருமணத்தில் சீர்க்கூடையைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தவரும் அவர்தான். அதிகாலையில் செய்தி வந்ததும் வேலையிடத்தில் விடுப்புக் கேட்டேன். நான் வேலை செய்யும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டத்தில் துக்க விடுப்பு ஆண்டுக்கு 2 நாள், சம்பளமில்லாமல். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று நீளும் அந்தப் பட்டியலில் மாமன் இல்லை. ‘அங்கிள்’ என்ற சொல்லில் மாமனும் சித்தப்பாவும் பெரியப்பாவும் அத்தையின் கணவரும் ஒன்றாகிவிடுவதால், அவர் எனக்கு யார் என்பதை என்னால் எடுத்துரைக்கவும் முடியவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை, அன்று வேலை செய்தேன். இன்றும் அது ஆறவில்லை. நீங்கள் வேலைக்குச் சேரும்போது, விடுப்புக்குரிய உறவுகளின் பட்டியலை முதல் வாரத்திலேயே வாங்கிப் படித்துவிடுங்கள். சில நிறுவனங்கள் சட்டம் சொல்வதற்கு மேலும் தருகின்றன.

பேச்சு வழக்கிலும் கவனம் வேண்டும். ‘ஃபேமிலி தொடங்குவது’ என்றால் திருமணம் செய்வதன்று, குழந்தை பெற்றுக்கொள்வது. ‘ஃபேமிலி டாக்டர்’ என்பவர் நம் ஊரில் மூன்று தலைமுறையின் நாடி பிடித்தவரைப் போன்றவர் அல்லர். அவர் பொது மருத்துவர், உங்களை ஏற்றுக்கொண்டார் என்பதற்காக நாளை வரும் உங்கள் மனைவியையும் ஏற்பார் என்று எண்ணிவிட முடியாது. ‘ஃபேமிலி நேம்’ என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயர் அங்கே இருந்தால் உங்களை அப்பா பெயரால் அழைப்பார்கள், சில மாதங்களில் பழகிவிடும்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் உங்கள் பெரியப்பா மகனைப் பார்த்து, ஏன் ‘கசின்’ என்று எழுதினீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் கேட்டு, தம்பி என்னை அண்ணன் என்று எழுதவில்லையே என்று அவர் மனம் நோகக் கூடாது.