லேஓவர் நேரத்தில் தெரியாத ஊருக்குள் தனியாகப் போய்வர என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஒன்பது மணி நேர லேஓவர் (ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் இடைவெளி), பகல் பொழுது, முன்பின் தெரியாத ஊர், கூட வர ஆள் இல்லை, வெளியே போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் பிக்பாக்கெட்டை விடக் கடிகாரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். விமானம் போய்விடுமோ என்ற பதற்றம் வந்துவிட்டால் நிதானமான ஆள்கூட யாருடையது என்று தெரியாத காரில் ஏறிவிடுவார், சிக்னல் பார்க்காமல் ரோட்டைக் கடப்பார், டாக்ஸி சீட்டில் போனை வைத்துவிட்டு இறங்குவார். அதனால் ஊரில் என்ன பார்க்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், எத்தனை மணிக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள்.

காலை 10 மணிக்கு இறங்குகிறீர்கள், மாலை 7 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் கதவு திறந்து, நடந்து இமிகிரேஷன் ஹாலுக்கு வர அரை மணி. வரிசையில் ஒரு மணி. கைப்பெட்டியை லக்கேஜ் அறையில் கொடுத்து, கொஞ்சம் பணம் எடுக்க அரை மணி. ஊருக்குள் போக முக்கால் மணி. இப்போதே 12.45 ஆகிவிட்டது. இனி பின்னாலிருந்து எண்ணுங்கள். சர்வதேச விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பு, அதாவது 4 மணிக்கு ஏர்போர்ட் வாசலில் இருக்க வேண்டும். வழிக்கு முக்கால் மணி, டிராஃபிக்குக்கோ ரயில் தாமதத்துக்கோ இன்னொரு அரை மணி. ஆக 2.45-க்குக் கிளம்பியாக வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் ஊருக்கு மிஞ்சுவது இரண்டே மணி நேரம். அடுத்த போர்டிங் பாஸ் கையில் இருந்து, போட வேண்டிய பெட்டியும் இல்லையென்றால் அந்த 3 மணி நேரத்தை 2 மணி நேரம் ஆக்கலாம். அதற்குக் கீழே இறங்காதீர்கள். டிக்கெட்டில் இருப்பது விமானம் கிளம்பும் நேரம். கேட்டை அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள்.

ஏர்போர்ட்டுக்கு ஊரின் பெயர் இருப்பதால் அது ஊருக்குள் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். டோக்கியோவின் நரிடா நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கோலாலம்பூர் ஏர்போர்ட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல். எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிடம்தான், அதே தூரம் மாலை நெரிசலில் காரில் எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல முடியாது. ரயில் இருந்தால் ரயிலிலேயே போங்கள். அது நின்றுபோனால் எந்த பஸ், எங்கே டாக்ஸி என்பதையும் போகும்போதே பார்த்து வையுங்கள். லேஓவர் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் உள்ளேயே இருந்துவிடுங்கள் என்பேன். சிங்கப்பூர் சாங்கி, சியோலின் இன்சியான் போன்ற ஏர்போர்ட்டுகள் ட்ரான்சிட் பயணிகளை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன. முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

விசா விஷயத்தில் இரண்டு இடங்களில் இடறுவார்கள். ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஏர்போர்ட் ட்ரான்சிட் விசா, அதாவது ஏ வகை, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர உதவாது. இரண்டாவது, ஒரே முறை நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருப்பவர்கள் போகும் வழியில் அங்கே வெளியே வந்தால் விசா அதோடு தீர்ந்துவிடும். திரும்பும் வழியில் மறுபடி நுழைய முடியாது. அமெரிக்காவில் கதையே வேறு. வெளியே போகாவிட்டாலும் எல்லோரும் இமிகிரேஷனைத் தாண்டித்தான் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகிறதா என்பதை முதல் ஏர்போர்ட்டிலேயே கேளுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அந்த நேரமும் கணக்கில் ஏறும்.

லக்கேஜ் அறையில் பெட்டியைக் கொடுக்கும்போது அது எத்தனை மணி வரை திறந்திருக்கும், நீங்கள் திரும்பி வரும் டெர்மினலில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட், மாத்திரை, லேப்டாப் மூன்றையும் அங்கே விட வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது, சில நாடுகளில் போலீஸ் தெருவிலேயே கேட்பார்கள். அது சட்டைக்குள் மாட்டும் பையிலோ ஜிப் வைத்த உள்பாக்கெட்டிலோ இருக்கட்டும், முதுகுப் பையில் வேண்டாம். ஒரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் பர்சில். இன்னொரு கார்டும் பாஸ்போர்ட் நகலும் வேறு இடத்தில். பர்ஸ் போனாலும் ஏர்போர்ட்டுக்குத் திரும்பக் காசு இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

போனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மேப், போர்டிங் பாஸ், பணம், ஓடிபி எல்லாம் இன்று அந்த ஒரே பொருளில் இருக்கிறது. அது பறிபோகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நடைபாதை ஓரத்தில், ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, கையை நீட்டி மேப் பார்ப்பது. பைக்கிலோ சைக்கிளிலோ வருகிறவனுக்கு அது எட்டும் தூரம். வழி பார்க்க வேண்டுமா, ஒரு கடைக்குள் போங்கள், அல்லது சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். அடுத்த மூன்று திருப்பங்களை மனதில் வாங்கிக்கொண்டு போனை உள்ளே வைத்துவிட்டு நடங்கள். ரயிலில் கதவுப் பக்கத்து சீட்டில் போனை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள், நீங்கள் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கிளம்பும் முன்பே ஊரின் ஆஃப்லைன் மேப்பை இறக்கிவிடுங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரியாதபடி மாற்றுங்கள், இல்லையென்றால் திருடனுக்கு உங்கள் ஓடிபி படிக்கக் கிடைக்கும். சிம்முக்கும் பின் நம்பர் (PIN) போட்டு வையுங்கள். போர்டிங் பாஸைக் காகிதத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட வேண்டாம். அதிலிருக்கும் ஆறு எழுத்து புக்கிங் குறியீடும் உங்கள் பெயரும் போதும், பல ஏர்லைன் தளங்களில் வேறொருவர் உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் முடியும்.

ஏர்போர்ட் ஹாலுக்குள் நடந்து வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவரோடு போகவே கூடாது. உரிமம் உள்ள டாக்ஸி வெளியே வரிசையில் நிற்கும். ஆப்பில் புக் செய்தால் நம்பர் பிளேட்டைச் சரிபார்த்த பிறகு, யாருக்காக வந்தீர்கள் என்று ஓட்டுநரைக் கேளுங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிக் கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பையை மடியில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் கட்டணத் தகராறு வரும்போது பை அவர் வசம் இருக்கும்.

ஏடிஎம் என்றால் வங்கிக்குள் இருப்பதில் எடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதத்தில் இழப்பு குறையும்.

நான் திருட்டைவிடப் பெரிதாக நினைப்பது ரோட்டைக் கடப்பதை. வண்டிகள் நீங்கள் பழகிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஓடும் ஊரில், கால் எடுத்து வைக்கும்போது தலை தானாகப் பழைய பக்கம்தான் திரும்பும். அந்தப் பக்கம் காலியாக இருக்கும், வண்டி மறுபக்கத்திலிருந்து வரும். இரவெல்லாம் தூங்காமல் வந்தவருக்கு இதைச் சரிசெய்யும் வேகம் மூளையில் இருக்காது. சிக்னல் உள்ள இடத்தில் மட்டும், மற்றவர்களோடு சேர்ந்து, இரு பக்கமும் இரண்டு முறை பார்த்துக் கடங்கள். அந்த நாளில் மது வேண்டாம். பூங்கா பெஞ்சில் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று உட்காரவும் வேண்டாம்.

ஏமாற்று வேலைகள் ஊருக்கு ஊர் வேஷம் மாற்றினாலும் தொடக்கம் ஒன்றுதான்: நீங்கள் கேட்காமலே ஒருவர் வந்து உங்களை நிறுத்துவார். கையில் கயிறு கட்டுவது, மனுவில் கையெழுத்துக் கேட்பது, சட்டையில் கறை என்று துடைக்க வருவது, நீங்கள் போகும் இடம் இன்று மூடியிருக்கிறது என்பது எல்லாம் இந்த வகை. பதில் சொல்லாமல் நடையைத் தொடருங்கள். போலீஸ் என்று சொல்லி பர்ஸைக் காட்டச் சொன்னால் கொடுக்காமல், ஸ்டேஷனுக்கு வருகிறேன், அங்கே காட்டுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவசர எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911.

திரும்பும் நேரத்துக்கு ஒரு அலாரம், அதற்கு அரை மணி முன்பு இன்னொன்று. வாங்கிய வாசனைத் திரவியமோ ஜாமோ 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் இருந்தால், கைப்பையில் கொண்டுபோகும்போது பாதுகாப்புச் சோதனையில் பெரும்பாலான ஏர்போர்ட்டுகளில் எடுத்துவிடுவார்கள். எல்லாம் கவனித்தும் தாமதமாகிவிட்டால், விமானம் கிளம்புவதற்கு முன்பே வழியிலிருந்து ஏர்லைனை அழைத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் ஏறாமல் விட்டால் அதே டிக்கெட்டில் மீதமுள்ள பயணங்களும், திரும்பும் விமானமும் சேர்த்து, பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும்.