ஸ்பால்டிங் கிரே பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: யார் சார் இவர்? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டுக்காரர், 1941-ல் பிறந்தவர். நடிகர்தான், ஆனால் பேர் வாங்கியது மேடையில் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொன்னதற்கு. ஒரு மேசை, நாற்காலி, மைக், தண்ணீர் டம்ளர், ஒரு நோட்டு. செட்டு மொத்தமும் அவ்வளவுதான்.

கேள்வி: மனப்பாடம் செய்து ஒப்பிப்பாரா, வாய்க்கு வந்ததைப் பேசுவாரா?

ரெண்டும் இல்லை. எழுதி வைத்த வசனம் கிடையாது, நோட்டில் குறிப்புச் சொற்கள்தான் இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் பேசுவார், அதை டேப்பில் பதிவு செய்வார், பிறகு போட்டுக் கேட்டு எந்த இடம் எடுபட்டது, எங்கே இழுத்தது என்று பார்த்து அடுத்த காட்சியில் வெட்டுவார், சேர்ப்பார், இப்படிப் பல காட்சிகள் ஓடிய பிறகுதான் ஒரு வடிவம் பிடிபடும், புத்தகமாக வருவது அதற்கும் அப்புறம். பார்க்கிறவருக்கோ இந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்து சொல்வது போல இருக்கும். கெட்டிக்காரர்.

கேள்வி: நேராக இதற்கே வந்துவிட்டாரா?

இல்லை. நியூயார்க்கில் ரிச்சர்ட் ஷெக்னரின் நாடகக் குழுவில் நடித்தார். அங்கிருந்துதான் எலிசபெத் லெகாம்ப்டும் இவரும் மற்றவர்களும் சேர்ந்த வூஸ்டர் குரூப் என்ற நாடகக் குழு கிளம்பியது. 1967-ல் கிரேயின் அம்மா தற்கொலை செய்துகொண்டார். அதைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசிப் பதிவு செய்த டேப்புகளையே 1977-ல் ‘ரம்ஸ்டிக் ரோடு’ நாடகத்துக்குள் போட்டார். அந்தரங்கமாகப் பேசியதை மேடையேற்றலாமா என்று கண்டனம் வந்தது, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தது 1979-ல்.

கேள்வி: எதிலிருந்து பார்க்கலாம்?

‘சுவிம்மிங் டு கம்போடியா’, 1987, இயக்கம் ஜொனாதன் டெம்மி. இவர் மேடையில் உட்கார்ந்து பேசுவதைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள். கம்போடியாவைப் பற்றிய ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்தில் கிரேவுக்குத் துண்டு வேஷம், ஷூட்டிங் தாய்லாந்தில். அந்தத் துண்டு வேஷத்தைப் பிடித்துக்கொண்டு ஷூட்டிங் கூத்து, கம்போடியாவில் அமெரிக்கா போட்ட குண்டு, தன் சொந்தப் பயம் என்று எங்கெங்கோ போவார். அடுத்து ‘கிரேஸ் அனாட்டமி’: கண்ணில் கோளாறு, ஆபரேஷனுக்குப் பயந்து மாற்று வைத்தியம் தேடி அலைந்த கதை. தேடினால் இதே உச்சரிப்பில் பெயருள்ள ஒரு அமெரிக்க ஆஸ்பத்திரி டிவி சீரியல்தான் முதலில் வந்து நிற்கும், அது வேறு.

கேள்வி: சொன்னதெல்லாம் நிஜமா?

நடந்ததை வைத்துத்தான். ஆனால் மேலே சொன்ன வெட்டல் சேர்த்தல் எல்லாம் தாண்டி வந்தது, சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கடைசியில் என்ன ஆனது?

2001-ல் அயர்லாந்தில் கார் விபத்து. இடுப்பெலும்பு முறிந்து, மண்டையோட்டிலும் அடி. அதன் பிறகு மனச்சோர்வு மிகவும் முற்றிவிட்டது. அந்த விபத்தையும் மேடையில் சொல்லிப் பார்த்தார். 2004 ஜனவரியில் காணாமல் போனார், மார்ச்சில் நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் உடல் கிடைத்தது. தற்கொலை என்றே கருதுகிறார்கள். 2010-ல் ஸ்டீவன் சோடர்பெர்க் ஒரு ஆவணப்படம் செய்தார், வர்ணனைக் குரல் இல்லை, பழைய பதிவுகளில் கிரேவே பேசுகிறார். ‘சுவிம்மிங் டு கம்போடியா’வைப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள், முதலில் பார்த்தால் பாதி பிடிபடாது.