பாமினி கோப்புகளோடு லினக்ஸுக்குப் போகலாமா?

கேள்வி: திண்டிவனத்தில் சின்னதாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் 10. இனி அதற்கு அப்டேட் வராது, புது கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். வசதி இல்லையென்றால் 800 ரூபாய்க்கு விண்டோஸ் 11, ஆபீஸ் இரண்டையும் கிராக் போட்டுத் தருகிறாராம். கல்லூரியில் படிக்கும் மகன், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்கிறான். பதினைந்து வருடத்து வாடகை ஒப்பந்தம், மனு எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. லினக்ஸ் போட்டால் அவை போய்விடுமா? வாடிக்கையாளர்கள் வேர்டு ஃபைலாகத்தானே கேட்பார்கள்?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: கோப்புகள் எங்கும் போகாது. லினக்ஸிலும் பாமினி எழுத்துருவைப் போட்டுவிட்டால் பழைய கோப்பு பழையபடி தமிழாகத்தான் தெரியும். ஆனால் மகனோ சர்வீஸ்காரரோ கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னால், எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள பாமினி, வானவில் எழுத்துருக்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆவணங்களை எடுத்துவிட்டு எழுத்துருவை மறந்துபோய், ஃபார்மேட் செய்த பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

சர்வீஸ்காரர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்திருக்கிறது. உங்கள் மெஷின் அந்த விதியில் தேறவில்லை, அவ்வளவுதான். மனு அடித்து பிரிண்ட் எடுக்க நேற்றுவரை போதுமாக இருந்த கம்ப்யூட்டர் இன்று காலை பழுதாகிவிடவில்லை. யாரோ எங்கோ ஒரு தேதி குறிக்கிறார்கள், கடைக்காரர் கடன் வாங்குகிறார்.

அது இருக்கட்டும். விண்டோஸ் 11 ஓடாது, புதிது வாங்குங்கள் என்றவர், அதே மூச்சில் அதே பழைய மெஷினில் 800 ரூபாய்க்கு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறாரே, கவனித்தீர்களா? விதியைச் சோதிக்கும் இடத்தைத் தாண்டிப் போட முடியும்தான். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட் இல்லை என்ற பயத்தில்தானே இவ்வளவும்? கிராக் போடும் ஆள் முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைப்பார். அது எதைத் தடுக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். உங்கள் கம்ப்யூட்டரில் கிடப்பது ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கமும். அந்த 800 ரூபாய்க்கு நீங்கள் அடகு வைப்பது அதைத்தான்.

இன்னும் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒருவர் தமிழ் சாஃப்ட்வேர் என்று, யூஎஸ்பியில் சொருகினால்தான் ஓடும் டாங்கிள் என்ற பூட்டோடு ஒரு பொட்டலம் விற்பார். டாங்கிள் கெட்டால் நீங்கள் அடித்த தமிழை நீங்களே திருத்த முடியாது. இன்னொருவர் இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு லைசென்ஸ் கட்டணம் என்று பில் எழுதுவார். போட்டுக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், அது நியாயம். லைசென்ஸ் என்று வரி எழுதியிருந்தால் காசு கொடுக்காதீர்கள். இணையத்தில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் டவுன்லோட் தளங்களும் இந்த ரகம்தான். வேர்டுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். அது விண்டோஸிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை, பாமினியில் இருக்கிறது. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும்போது கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பாமினி ஒரு தமிழ் முகமூடி மாட்டுகிறது. அதனால்தான் வாட்சாப்பில் ஒட்டினால் குப்பையாக விழுகிறது, கூகுளில் தேடினால் சிக்குவதில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அப்படி இல்லை. த என்றால் கோப்புக்குள்ளும் த தான், எந்தக் கம்பெனி மென்பொருளில் திறந்தாலும் த தான்.

லிப்ரே ஆபீஸுக்கு மாறுகிற டைப்பிஸ்டுகளை முதல் நாளே விரட்டும் விஷயம் ஒன்று இங்கே உண்டு. வாக்கியத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி அதில் இருக்கிறது. பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. நீங்கள் ‘அவர்’ என்று அடிப்பீர்கள், அது ‘ஆவர்’ என்று திருத்தும். மென்பொருளே சரியில்லை என்று மூடிவிடுவீர்கள். வேர்டிலும் இதே வசதி உண்டு, யாரோ என்றோ அணைத்துக் கொடுத்திருப்பார்கள். இங்கே டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், வாக்கியத் தொடக்கத்தைப் பெரிதாக்கும் வரியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பழையவற்றை யூனிகோடாக்க இலவச மாற்றிகள் இருக்கின்றன. என்.எச்.எம். கன்வர்ட்டர் விண்டோஸில் ஓடுவது, ஆகவே விண்டோஸ் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மகனுக்குப் பைத்தான் தெரிந்தால் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு மொத்தமாக மாற்ற உதவும். வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தை ஏதோ ஒரு வலைத்தளத்தில் ஒட்டி மாற்றுவது மட்டும் வேண்டாம்.

மாற்றியதை நம்பி அப்படியே பிரிண்ட் கொடுத்துவிடாதீர்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. ரூபாய்க்கு ஆங்கிலத்தில் ஆர், எஸ் என்று போட்டிருந்தீர்கள் என்றால் அது ‘சுள’ ஆகிவிடும். அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். சர்வே எண் 2ஏ என்று பெரிய ஏ போட்டிருந்தால் ‘2யு’ ஆகும், அது கண்ணில் படாது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு எழுத்து போனால் வேறு மனை. அதனால் பதினைந்து வருடத்தையும் மாற்ற உட்காராதீர்கள். தினமும் கை படும் மாதிரிகளை, வாடகை ஒப்பந்தம், பட்டா மனு, பிரமாணப் பத்திரம் போன்றவற்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துச் சரிபாருங்கள். மீதியைப் பிடிஎஃப் ஆக்கி, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் பக்கத்திலேயே வைத்தால் போதும். பக்கத்துக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தச் சர்வே எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அவதியே உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. ஆணை போட்டவர்கள் மேசை மேசையாகப் போய் எழுத்துருவை மாற்றிக் கொடுக்கவில்லை. ‘வானவில் அவ்வையாரில் கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பும் அலுவலகம் இன்னும் இருக்கிறது, தண்டனை டைப்பிங் கடைக்கு. அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டில் ஒரு கம்ப்யூட்டரைக் கொஞ்ச நாளைக்கு விண்டோஸாகவே விட்டுவைக்கலாம். இணைய இணைப்பை மட்டும் கழற்றிவிடுங்கள்.

வேர்டு ஃபைல் கேள்விக்குப் பதில் சுலபம். லிப்ரே ஆபீஸ் வேர்டு வடிவத்தைத் திறக்கும், அதிலேயே சேமிக்கும். ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய இலவச மென்பொருள் ஆரக்கிள் கம்பெனி கைக்குப் போன பிறகு, அதை எழுதியவர்களில் பலர் 2010-ல் பிரிந்து வந்து ஓர் அறக்கட்டளையின் கீழ் நடத்துவது இது. நாளைக்கே விலை ஏறும், சந்தா கேட்கும் என்ற பயம் இல்லை. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முகப்பும் வேர்டு மாதிரியே மாறிவிடும். பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம், கையெழுத்துக்குப் போகும் எதையும் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். முதலில் இதை உங்கள் விண்டோஸிலேயே போட்டு ஒரு மாதம் வேலை பாருங்கள். லினக்ஸ் அதற்கப்புறம்.

லினக்ஸில் பல வகை உண்டு, அதில் எது என்று மகனும் அவன் நண்பர்களும் ஒரு வாரம் சண்டை போடுவார்கள். போடட்டும். உங்களுக்கு லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராம் இருந்தால் ஓடும், பார்வைக்குப் பழைய விண்டோஸ் போலவே இருக்கும். தமிழ் அடிக்க ஐபஸ் என்ற கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பழைய தட்டச்சு என்ற இரண்டு விசைப்பலகை அமைப்பும் கிடைக்கும். இதை மகன் அன்றைக்கே செய்து, உங்களை ஒரு முழு மனு அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் கட்டற்ற மென்பொருள்காரர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். லினக்ஸைப் போட்டுக் காட்டிவிட்டு, சுதந்திரம் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவோம். விசைப்பலகையில் ழ எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் இருக்காது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்தது. அதில் தமிழ் அடிப்பது எப்படி என்று எத்தனை மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிப் பாடத்தையே லினக்ஸில் நடத்துகிறார்கள்.

கடைசியாகப் பிரிண்டர். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் லினக்ஸைக் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான். பல பிரிண்டர்களுக்கு லினக்ஸில் தனியாக எதுவும் போட வேண்டாம், கேபிளைச் சொருகினால் தெரிந்துகொள்ளும். உங்கள் கடையில் இருப்பது கேனான் எல்பிபி 2900 என்றால் அப்படி நடக்காது. அது பக்கத்தைத் தானே வரைந்துகொள்ளும் பிரிண்டர் இல்லை. கம்ப்யூட்டர் வரைந்து, அந்தக் கம்பெனிக்கே உரிய முறையில் அனுப்ப வேண்டும். அதற்கான லினக்ஸ் டிரைவர் பழைய காலத்துடையது, புதிய லினக்ஸில் உட்கார வைப்பதற்குள் மகனுக்கு ஒரு செமஸ்டர் ஓடிவிடும். ஹெச்பி 1020 என்றால் கவலை இல்லை, முதல் முறை இணைய இணைப்போடு ஒரு துணைக் கோப்பை இறக்கச் சொல்லும், இறக்கினால் சரி. எதுவானாலும், மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரிண்டரில் ஒரு தாள் அச்சடித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தாள் வரவில்லையென்றால் அந்தப் பிரிண்டரை விண்டோஸ் மெஷினோடு விட்டுவிட்டு, லினக்ஸில் அடித்ததைப் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய் அச்செடுங்கள். நெட்வொர்க்கில் ஷேர் செய்தால் வந்துவிடும் என்பார்கள், லினக்ஸ் பக்கமும் அதே டிரைவரைக் கேட்டு நிற்கும். என்றாவது புதுப் பிரிண்டர் வாங்கினால் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஐபோனுக்காகப் போடும் முத்திரைதான் அது, ஆனால் அது உள்ள பிரிண்டர்கள் பொதுவாக லினக்ஸில் டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்காது, நீங்களே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.