கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது?

அன்புள்ள சார்,

சென்ற மாதம் இணையத்தில் ஒரு கருத்தரங்கு கேட்டேன். ‘ஹைட்டி சமூகங்களின் குரலை உலக அரங்குக்குக் கொண்டுவருவது’ என்று தலைப்பு. சர்வதேச நிவாரண உதவிகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேசிய ஐந்து பேரில் ஹைட்டிக்காரர் ஒருவர்கூட இல்லை. 2010 நிலநடுக்கத்தின்போது கல்லூரியில் வகுப்பு வகுப்பாக உண்டியல் குலுக்கிப் பணம் அனுப்பியவர்கள் நாங்கள். அந்த மக்கள் பேசவே இல்லையா, பேசியும் பலனில்லையா? நம்மைப் போன்றவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

‘குரலற்றவர்களின் குரல்’ என்று நம் மேடைகளில் ஒரு பட்டம் கொடுப்பார்கள். கேட்டாலே எனக்குக் கூசும். ஹைட்டி விஷயத்தில் அது சுத்தமாகப் பொருந்தாது. அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியனின் படையைத் தோற்கடித்து 1804-ல் உண்டாக்கிய கரீபியன் நாடு அது. அவர்களுக்கா குரல் இல்லை?

மொழியிலிருந்து தொடங்குகிறேன். ஹைட்டியில் அநேகமாக எல்லோரும் பேசுவது கிரியோல். பிரெஞ்சு சரளமாக வருவது படித்த சிறுபான்மைக்கு மட்டும். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு, நிவாரணத்தை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்தில் நடந்தன. பெரும்பாலும் ஆங்கிலத்தில். வாசலில் காவல், அடையாள அட்டை. தன் தெருவில் யார் வீடு விழுந்தது, யாருக்குத் தண்ணீர் இல்லை என்று அத்துப்படியாகத் தெரிந்த உள்ளூர்ச் சங்கத்துக்காரர் அந்த வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. தாண்டி உட்கார்ந்தாலும் பேசுவது புரியாது.

அதே நாட்களில் 4636 என்ற எண்ணுக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தது. கிரியோலில் ஆயிரக்கணக்கில் செய்திகள் குவிந்தன. வெளிநாடுகளில் வாழும் ஹைட்டிக்காரர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். இன்ன கடைக்குப் பின்னால் உள்ள சந்து என்று வரும் முகவரியை, அந்த ஊரில் வளர்ந்தவர்களால்தானே வரைபடத்தில் தொட்டுக் காட்ட முடியும்? மனம் வைத்தால் ஒரு வாரத்துக்குள் செய்யக்கூடிய வேலைதான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

உங்கள் உண்டியல் பணம் எங்கே போனது என்று என்னால் சொல்ல முடியாது. மொத்தக் கணக்கு தெரியும். 2010 மார்ச்சில் நியூயார்க்கில் கூடிய நாடுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னன. அவசர நிவாரணமாக வந்த பணத்தில் ஹைட்டி அரசின் கைக்குப் போனது நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். மறுகட்டமைப்புக்காக ஓர் ஆணையம் அமைத்தார்கள். பில் கிளின்டனும் ஹைட்டிப் பிரதமரும் இணைத் தலைவர்கள். (சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளுக்கும் சேர்த்து ஐ.நா. தூதராக இருந்த அதே கிளின்டன்தான்.) ஆணையத்தின் ஹைட்டி உறுப்பினர்கள் அந்த டிசம்பரில் எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தார்கள். தங்களிடம் எதையும் சொல்வதில்லை, முடிவுகளுக்குத் தலையாட்ட மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று. தங்கள் நாட்டு ஆணையத்திலேயே ஒப்புக்குச் சப்பாணி!

என்னை இன்றும் உறுத்துவது காலரா விஷயம். 2010 அக்டோபரில் மிர்பாலே என்ற ஊர்ப் பக்கம் காலரா வெடித்தது. அதற்கு முன் நூறாண்டுகளாக அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை. ஊருக்கு மேலே ஐ.நா. அமைதிப் படையின் நேபாளப் பிரிவு முகாமிட்டிருந்தது. முகாமின் கழிவு ஓடையில் கலக்கிறது, அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம் என்று அக்கம்பக்கத்து மக்கள் முதல் வாரத்திலேயே சொன்னார்கள். அந்த ஓடை ஆர்ட்டிபோனிட்டில் சேர்கிறது. நாட்டின் மிகப் பெரிய ஆறு அது. ஐ.நா. மறுத்தது. ஊர்க்காரர் சொன்னபோது அது வதந்தி. ரெனோ பியாரூ என்ற பிரெஞ்சுத் தொற்றுநோய் நிபுணர் வந்து பார்த்து எழுதியதும் அதுவே ஆய்வு முடிவு. அப்புறமும் ஐ.நா. ஒப்புக்கொள்ளவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டார்கள், மனு ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள், ஐ.நா.வுக்குச் சட்ட விலக்கு உண்டு என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2016 டிசம்பர் 1 அன்றுதான் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் பொதுச்சபையில் மன்னிப்புக் கேட்டார், சில வரிகளைக் கிரியோலிலேயே. அதற்குள் செத்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். 40 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்னார்கள். சேர்ந்தது அதில் சொற்பம். அதிலும் குடும்பங்கள் கேட்டது நஷ்டஈடு, கிடைத்தது பெரும்பாலும் ஊர்ப் பொதுத் திட்டங்கள். அடித்தவன் மறப்பான், தழும்பைச் சுமப்பவன் மறக்கமாட்டான் என்று கிரியோலில் ஒரு பழமொழி உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஹைட்டிக்காரர் ஒருவரை மேடையில் உட்காரவைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். போர்ட்-ஓ-பிரின்ஸ் பணக்காரரின் பிரெஞ்சுக்கும் ஆர்ட்டிபோனிட் நெல் விவசாயியின் கிரியோலுக்கும் இடையே பெரிய தூரம். மலிவான அமெரிக்க அரிசி வந்து இறங்கியதில் அடிபட்டவர் இரண்டாமவர். 1990-களில் இறக்குமதி வரியைக் குறைக்க வைத்த கொள்கை தவறு என்று கிளின்டனே 2010-ல் செனட் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். அந்த விவசாயியை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

யாரையும் கேட்காமலே காரியத்தில் இறங்கிய ஊர்க்காரர்களும் உண்டு. 2023-ல், டொமினிக்கன் எல்லையோரம் வானமேந்த் ஊரில், பாதியில் நின்ற பாசனக் கால்வாயை மக்களே மண்வெட்டி எடுத்து வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசு அதை எதிர்த்து எல்லையையே மூடியது. ‘கால்வாய் நிற்காது’ என்பதே அவர்களுடைய முழக்கம். உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டு உறவுகளிடமிருந்தும் சிமெண்டும் பணமும் வந்தன. அதற்குக் கருத்தரங்கு ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 2016-ல் பெரிய கொடையாளர்களும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து, 2020-க்குள் பணத்தில் கால் பங்கை உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கொடுக்கவில்லை. நீங்கள் சந்தா கட்டும் அமைப்பிடம் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். அடுத்த கருத்தரங்கில் கேள்வி நேரம் வந்தால், கிரியோல் மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.