கொரோனா ஆபத்தானது என்று தெரிந்தும் சிலர் ஏன் முகக்கவசம் போடவில்லை?

ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் போதாதே, அது நமக்கும் வரும் என்று தோன்ற வேண்டும். "ஆபத்துதான், ஆனா எனக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி" என்ற பேச்சை அந்த நாட்களில் கேட்காதவர் யார்?

இந்தப் புதிர் பழையது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டுபிடிக்க இலவசமாக எக்ஸ்ரே எடுத்தது. அப்படியும் பலர் வரவில்லை. காரணம் தேடிய ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலான உளவியலாளர்கள் உருவாக்கியதுதான் 'சுகாதார நம்பிக்கை மாதிரி'. எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், இந்தத் தடுப்பால் பலன் உண்டா, அதைச் செய்வதில் என்ன தொல்லை: மனதுக்குள் ஓடும் கணக்கு இதுதான் என்றார்கள். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கையை 1988இல் சேர்த்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், பலன் உண்டா என்ற கேள்விக்குத்தான் எடை அதிகம். "மாஸ்க் போட்டவனுக்கும்தானே வந்துச்சு" என்று முடிவு கட்டிவிட்டவரிடம் தினமும் இறப்புக் கணக்கை வாசித்துப் பாருங்கள், டிவியை அணைத்துவிடுவார். பயம் இருக்கிறது, தப்பிக்க வழி தெரியவில்லை என்றால் மனம் நோயை விட்டுவிட்டு அந்தப் பயத்தைத்தான் விரட்டப் பார்க்கும். "எல்லாம் புரளி", "விதிப்படி நடக்கட்டும்" என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

இதை ஆராய்வதில் ஒரு சிக்கலும் உண்டு. "உங்களுக்குத் தொற்று வர வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டால், கவனமாக இருப்பவரும் "குறைவு" என்பார், அலட்சியமாகத் திரிபவரும் "குறைவு" என்பார். முதலாமவர் முகக்கவசத்தை நம்பிச் சொல்கிறார், மற்றவர் தன் உடம்பை நம்பி. பதிலை மட்டும் எண்ணினால் நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் தொடர்பே இல்லாத மாதிரி தெரியும். (கருத்துக்கணிப்புச் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்பதைத்தான்.)

அப்புறம், நம்பிக்கையை மாற்றினால்தான் நடத்தை மாறும் என்றும் இல்லை. வங்காளதேசக் கிராமங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வீடு தேடிப்போய் இலவசமாக முகக்கவசம் கொடுத்து, தெருவில் போடாமல் வருபவர்களுக்கு நேரிலேயே நினைவூட்டினார்கள். உள்ளூர்த் தலைவர்களும் போட்டுக் காட்டினார்கள். மற்ற கிராமங்களில் சுமார் 13 சதவீதம் பேர் சரியாக அணிந்தபோது, இந்தக் கிராமங்களில் அது சுமார் 42 சதவீதம். போடுவேன் என்று வாக்கு வாங்கியதும் எஸ்எம்எஸ் அனுப்பியதும் அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை.