எலுமிச்சைக் கணக்கு

அன்புள்ள அக்கா,

திருமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையில் 15 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. போன வாரம் ஏழாவது படிக்கும் மகள் ஒரு கணக்குக் கேட்டாள். ஒரு கூஜாவில் 2 எலுமிச்சம்பழம், 3 தம்ளர் தண்ணீர். இன்னொன்றில் 3 பழம், 4 தம்ளர் தண்ணீர். எது அதிகம் புளிக்கும்? இரண்டிலும் பழத்தைவிடத் தண்ணீர் ஒரு தம்ளர்தானே கூட, அதனால் ஒன்றுதான் என்றேன். தப்பு என்றாள். "சும்மா உன்னைச் சோதித்தேன்" என்று சமாளித்துவிட்டேன். எனக்குப் புத்தி மழுங்குகிறதா?

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

மழுங்கவில்லை. நீங்கள் சொன்ன பதிலை நன்றாகப் படித்தவர்களும் சொல்வார்கள். 1980இல் நோல்டிங் என்ற ஆய்வாளர் ஆரஞ்சுச் சாறு, தண்ணீர் தம்ளர்களை வைத்துப் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார். பிள்ளைகளில் பலர் உங்களைப் போலவே கழித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். பெரியவர்களான பிறகும் அவசரத்தில் நாம் அந்தப் பழைய வழிக்கே திரும்புகிறோம்.

காரணம் இருக்கிறது. கழித்துப் பார்ப்பது வாழ்க்கையில் பெரும்பாலும் சரியாக வருகிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் மூன்று வயது வித்தியாசம் என்றால் எழுபது வயதிலும் அதே மூன்றுதான். பாக்கிச் சில்லறையும் கடன் பாக்கியும் அப்படித்தான். பழகிய கை அதையே எலுமிச்சைக்கும் நீட்டிவிடுகிறது.

நானும் அப்படி நீட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து. ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வந்தபோது ஆறு ஆழாக்கு அரிசி ஊறப்போட்டேன். அரிசியைக் கூட்டினோமே என்று உளுந்தையும் ஒன்று கூட்டி இரண்டாக்கினேன். மறுநாள் இட்லி தட்டையாகப் படுத்து, துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தை ஒரு வாயைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்கு உளுந்துன்னு பிடிச்சுக்க. அந்த ஜோடியை எத்தனை தடவை போடுறியோ, அவ்வளவுதான்." ஆறுக்கு மூன்று ஜோடி. உளுந்து ஒன்றரை.

உங்கள் கூஜாவுக்கும் அதே ஜோடி முறைதான். முதல் கூஜா மாதிரி நாலு, இரண்டாவது மாதிரி மூன்று போடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் 12 தம்ளர். பழம் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 9. மகள் சொன்னதுதான் சரி.

நான் நிஜமாகவே கவலைப்படுவது இன்னொரு குறுக்குவழியைப் பற்றி. எத்தனை என்று மட்டும் பார்ப்போம், எத்தனையில் என்று கேட்க மாட்டோம். 1994இல் டேனெஸ்-ராஜ், எப்ஸ்டீன் என்ற இருவர் இரண்டு கிண்ணங்களில் மிட்டாய் வைத்தார்கள். ஒன்றில் 10க்கு 1 சிவப்பு. இன்னொன்றில் 100க்கு 10கூட இல்லை, 9 அல்லது அதற்கும் குறைவு. பார்க்காமல் எடுத்துச் சிவப்பு வந்தால் காசு. பலர் பெரிய கிண்ணத்தில் கைவிட்டார்கள். வாய்ப்புக் குறைவு என்று தெரிந்தும், நிறையச் சிவப்பைப் பார்த்ததும் கை அந்தப் பக்கமே போனது.

ரிசல்ட் வந்த வாரத்தில் நம் ஊர்ச் சாலைகளைப் பாருங்கள். ஒரு பள்ளியின் ஃபிளெக்ஸில் 40 பிள்ளைகள் படம், இன்னொன்றில் 15. நாற்பதுதான் நல்ல பள்ளி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த 40 பேர் 400 பேரில், இந்த 15 பேர் 60 பேரில் என்றால்? முதலாவது பத்தில் ஒன்று, இரண்டாவது நாலில் ஒன்று. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டுகிறவர்கள், மொத்தம் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அத்தையின் ஜோடி முறையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ 1200 ரூபாய் என்று வையுங்கள். 350 கிராம் கேட்டால், "கால் கிலோ முந்நூறு, நூறு கிராம் நூத்தி இருபது, நானூத்தி இருபது குடுங்க" என்று பேப்பர் இல்லாமல் சொல்லிவிடுவார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து ஆய்வாளர்கள் சிலர் 1985இல் எழுதினார்கள். வியாபாரத்தின்போது 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். பத்துத் தேங்காய் விலையை ஒரு பையன் மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ச் சொன்னான். நம் அத்தை செய்ததும் அதுதானே.

சரி, மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூஜாவில் 1 பழம், 2 தம்ளர் தண்ணீர். இன்னொன்றில் 4 பழம், 5 தம்ளர் தண்ணீர் கலக்குங்கள். இரண்டிலும் வித்தியாசம் ஒரு தம்ளர்தான். சர்க்கரை போடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.