தேடலில் தென்படாத தமிழ்க் கட்டுரைகள்

கேள்வி: எங்கள் இலக்கிய அமைப்பின் இணையதளத்தில் 2002 முதல் வெளியான கட்டுரைகள் உள்ளன. கூகுளில் தேடினாலும் சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் அவை வருவதில்லை. காரணத்தைக் கண்டறியத் தளத்தைச் சரிபார்ப்பதை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எழுத்துருவிலிருந்து தொடங்குங்கள். அக்காலத் தமிழ்த் தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு பத்தியை நகலெடுத்து வேறொரு செயலியில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் சிதைந்தால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு மாற்றாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை. இருபது ஆண்டு உழைப்பு இப்படி மறைந்து கிடப்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது. மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் மாற்றிகள் கொம்பையும் காலையும் சில இடங்களில் பிழையாக்கிவிடும்.

அடுத்து, கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கம் கூகுளின் தேடல் அட்டவணையில் சேர்ந்தது, எது ஏன் சேரவில்லை என்பது தெரியும், இது இலவசம்.

எந்தத் தவழிகள், அதாவது பக்கங்களைப் படிக்க வரும் தானியங்கி நிரல்கள், தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பையும் (robots.txt) திறந்து பாருங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தவழிகளில், ஜிபிடிபாட் பயிற்சித் தரவுக்காகவும், ஓஏஐ-சர்ச்பாட் சாட்ஜிபிடியின் தேடலில் காட்டுவதற்காகவும் வருபவை. முதலாவதைத் தடுத்து இரண்டாவதை அனுமதிக்கலாம், அது உங்கள் அமைப்பு எடுக்க வேண்டிய முடிவு. உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இயங்கிய பிறகே கட்டுரை தோன்றும் தளமாயின், கூகுள் படித்துவிடக்கூடும். செயற்கை நுண்ணறிவுத் தவழிகள் பலவற்றுக்கு வெற்றுப் பக்கமே கிடைக்கும். பக்க முகவரிகளை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வகை நிரந்தரத் திருப்பம் அமையுங்கள்.